ஆற்றுக்கு விட்ட இடம்

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெண் கனடா தேசத்தில், டொராண்டோ நகரத்தில் இருக்கிறாளாம். ஸ்கார்பரோ என்னும் பகுதியில் பதினோராவது மாடியில் ஜாகை. புரட்டாசியில் பிரசவம்.

"ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் வா என்று டிக்கெட் அனுப்பிவிட்டார்கள். பிரசவ மருந்து, பெருங்காயம், சுக்கு, பூண்டு லேகியம் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. ஆனாலும் நினைத்தால் பயமாக இருக்கிறது. மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போய்விடுவார். பெண்ணும் குழந்தையும் தூங்குவார்கள். நாலு சுவரைப் பார்த்துக் கொண்டு நான் என்ன செய்வேன்? போய்விட்டு வந்த எதிர் வீட்டு மாமி, 'அது தங்கக் கூண்டுடீ' என்கிறாள்" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கவலை மாம்பலத்துக்கு மட்டும் சொந்தமல்ல. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருஷா வருஷம் எத்தனையோ தாய்மார்கள் இதே கவலையோடு விமானம் ஏறுகிறார்கள். ஆகையால் அந்தச் சகோதரிக்குச் சொல்லும் பதிலை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா! உங்கள் பெட்டியிலிருந்து முறுக்கு நாழியை எடுத்து வெளியே வையுங்கள். ஸ்கார்பரோவில் தமிழர் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. முறுக்கு நாழியும் கிடைக்கும், முறுக்கும் கிடைக்கும். காலியான அந்த இடத்தில், பாதத்தை நன்றாகப் பிடித்துக் கொள்ளும் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வையுங்கள். ஏனென்றால், நீங்கள் போகிற ஊரில் பார்க்க வேண்டியது மாடியில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது.

டொராண்டோவைப் படத்தில் பார்த்தவர்கள் உயரமான ஒரு கோபுரத்தையும் கண்ணாடிக் கட்டிடங்களையும் பார்த்திருப்பார்கள். படத்தில் அகப்படாத ஒரு சங்கதி உண்டு. அந்த ஊர் சமதளமான பூமிதான். ஆனால் வடக்கே மணலும் சரளையுமாகப் பனிப்பாறைகள் குவித்துவிட்டுப் போன ஒரு நீண்ட மேடு இருக்கிறது. அந்த மேட்டில் ஊறும் தண்ணீர் ஹம்பர், டான், ரூஜ் என்னும் ஆறுகளாகத் தெற்கே இறங்கி ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. எட்டோபிகோ, ஹைலண்ட் என்று சிற்றாறுகளும் உண்டு. பல ஆயிரம் வருஷங்களாக இவை பூமியை அறுத்து அறுத்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. கேக்கைக் கத்தியால் கோடு கோடாக வெட்டி வைத்தது போல் நகரம் இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே துண்டு துண்டாக உட்கார்ந்திருக்கிறது.

தெருவில் நடக்கும்போது இது தெரியாது. ஒரு பாலத்தைத் தாண்டும்போது, கீழே மரங்களின் தலை தெரியும். பக்கத்திலே ஒரு படிக்கட்டோ சரிவுப் பாதையோ இருக்கும். இறங்கிப் பாருங்கள். இருபது, முப்பது படி இறங்குவதற்குள் பஸ் சத்தமும் கார் சத்தமும் தேய்ந்து போகும். ஆறு ஓடும் சலசலப்புக் கேட்கும். நாரை ஒன்று தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்று கொண்டிருக்கும். பதினோராவது மாடியில் உட்கார்ந்திருந்த உங்களுக்குப் பத்து நிமிஷத்தில் காடு! ஆற்றோரமாகவே மைல் கணக்கில் நடைபாதை போகிறது. கட்டணம் கிடையாது. காவற்காரன் கிடையாது.

இதைப் படித்ததும் வீட்டு நிர்வாகம் தெரிந்த பெண்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். "முப்பது லட்சம் ஜனங்கள் இருக்கிற நகரத்தில், சதுர அடிக்குப் பொன் விலை விற்கிற இடத்தில், ஆற்றங்கரையை மட்டும் யாரும் வீடு கட்டாமல் சும்மா விட்டு வைப்பார்களா? அவ்வளவு நல்லவர்களா அவர்கள்?"

சரியான கேள்வி. சும்மா விடவில்லை. கட்டித்தான் இருந்தார்கள். அந்த வீடுகள் எங்கே போயின என்பதுதான் கதை.

1954-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. "ஹேஸல்" என்று பெயரிடப்பட்ட புயல் ஹெய்ட்டித் தீவை நாசம் செய்துவிட்டு, அமெரிக்கக் கரையில் ஏறி வடக்கே வந்து கொண்டிருந்தது. கடலை விட்டுத் தரைக்கு வந்து, மலைகளையும் தாண்டிய புயலுக்கு இனி என்ன பலம் இருக்கப் போகிறது என்று ஜனங்கள் நினைத்தார்கள். மழை பெய்யும் என்று சொன்னார்கள். பெய்தால் பெய்யட்டும் என்று சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். ஆனால் வழியிலே குளிர்ந்த காற்றோடு மோதிய புயல், தன்னிடமிருந்த தண்ணீரையெல்லாம் டொராண்டோவுக்கு மேலும் அதன் வடமேற்கிலும் கொட்டிவிட்டது. சில இடங்களில் 200 மில்லி மீட்டருக்கும் மேல் மழை. அதற்கு முன்பே பெய்த மழையில் பூமி ஊறிப் போயிருந்தது. நனைந்த மெத்தை மேலே குடம் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. அத்தனையும் ஆற்றுக்கு ஓடியது.

ஹம்பர் நதியின் வளைவிலே ரேமோர் டிரைவ் என்று ஒரு தெரு இருந்தது. சின்னச் சின்ன வீடுகள், தோட்டங்கள், பிள்ளை குட்டிக் குடும்பங்கள். தெருவுக்குச் சற்று மேலே, ஆற்றைக் கடக்க ஒரு தொங்கு நடைபாலம். இரவு வெள்ளம் ஏறியபோது அந்தப் பாலத்தின் ஒரு முனை அறுந்தது. மறு முனை விடவில்லை. அறுந்த பாலம் ஆற்றின் குறுக்கே கதவு மாதிரித் திரும்பி, வெள்ளத்தை நேரே தெருவுக்குள் தள்ளிவிட்டது. தூங்கிக் கொண்டிருந்தவர்களோடு வீடுகள் பெயர்ந்து மிதந்தன. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர் இறந்தார்கள். கனடாவில் அந்தப் புயலுக்குப் பலியானவர்கள் மொத்தம் 81 பேர். வெள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போன தொண்டர் தீயணைப்புப் படையினர் 5 பேரும் அதிலே சேர்த்தி. மேற்கே எட்டோபிகோ ஆற்றங்கரையில் நாலு மாதக் கைக்குழந்தை ஒன்று பிழைத்தது, பெற்றவர்கள் பிழைக்கவில்லை.

பொழுது விடிந்ததும் ஊரே ஆற்றங்கரைக்கு வந்து நின்றது. அப்போது அவர்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. விழுந்த வீட்டை மறுபடி கட்டிக் கொள்ளலாம். எல்லா ஊரிலும் எல்லோரும் செய்வது அதுதான். ஆறு இனி ஐம்பது வருஷத்துக்கு இப்படி வராது என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக் கொள்ளலாம். இன்னொரு வழி, "இந்த இடம் நம்முடையதல்ல, ஆற்றினுடையது" என்று ஒப்புக்கொள்வது.

டொராண்டோக்காரர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு வேண்டிய சட்டம் முன்பே இருந்தது. 1946-லேயே ஒன்டாரியோ மாகாண சர்க்கார், ஆறுகளைப் பாதுகாப்பதற்காக ஒரு சட்டம் செய்திருந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல புத்தி உண்டு. தாலுகா எல்லை, முனிசிபாலிட்டி எல்லை என்று பார்க்காமல், ஓர் ஆற்றுக்கு எங்கெங்கிருந்து தண்ணீர் வருகிறதோ அந்தப் பூமி முழுவதையும் ஒரே நிர்வாகமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. மேலூர்க்காரன் மரத்தை வெட்டினால் கீழூர்க்காரன் வீட்டில் வெள்ளம் வருகிறது. இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால்தான் நியாயம் பிறக்கும் அல்லவா? இப்படி மாகாணம் முழுவதிலுமாக 36 அமைப்புகள் ஏற்பட்டன. சட்டம் இருந்தும் டொராண்டோ பக்கத்தில் பணமும் மனமும் போதாமல் இருந்தன. ஹேஸல் வந்த பிறகு இரண்டும் கிடைத்தன. 1957-ல் அந்த வட்டாரத்தில் இருந்த நாலு சிறு அமைப்புகளை ஒன்றாக்கி ஒரு பெரிய பாதுகாப்பு அமைப்பை நிறுவினார்கள். பள்ளத்தாக்கு நிலங்களை விலை கொடுத்து வாங்கினார்கள். வெள்ளம் வரக்கூடிய இடத்தில் இனி வீடு கட்டக் கூடாது என்று கட்டளை பிறந்தது. சில இடங்களில் வெள்ளத்தைத் தேக்கி மெல்ல விட அணைகள் கட்டினார்கள்.

சரி, வாங்கின நிலத்தை என்ன செய்வது? வேலி போட்டுப் பூட்டி வைத்தால் ஜனங்களுக்கு அதன் அருமை தெரியாது. ஆகையால் மரங்களை நட்டுப் பாதை போட்டு, எல்லோரும் வந்து நடக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். நீங்கள் நடக்கப் போகிற பாதைகளில் அநேகம் இப்படிப் பிறந்தவை. வெள்ளம் வந்தால் பாதை முழுகும். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி நடக்கலாம். பாதைக்கு உயிர் இல்லை, முழுகினால் அழ ஆள் இல்லை. அதுதான் சூட்சுமம்.

ரேமோர் தெருவின் அந்தப் பகுதி இன்று ஒரு பூங்கா. புல்வெளி, மரங்கள், ஓடி விளையாடும் குழந்தைகள். அறுந்த பாலத்தைத் தாங்கிய பழைய கட்டு மாத்திரம் ஆற்றோரத்தில் மிச்சம் இருக்கிறது. அங்கே போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

ஒரு தடவை நல்ல புத்தி வந்துவிட்டால் அது அப்படியே நிலைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது அடுப்பு மாதிரி. அடிக்கடி ஊதிக் கொண்டே இருக்க வேண்டும். டான் நதியின் கதையைக் கேளுங்கள். வீடு கட்டக் கூடாது என்று தடுத்த அதே பள்ளத்தாக்கில், 1960-களில் ஒரு பெரிய மோட்டார் ரஸ்தா போட்டார்கள். அந்த ஆற்றின் மேல் உயிரை வைத்திருந்த சார்ல்ஸ் சோரியல் என்பவருடைய ஆற்றங்கரைக் குடில் அந்த ரஸ்தாவுக்காகப் போயிற்று. மனிதர் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. 1995-ல் காலமாகும் வரையில் ஆற்றங்கரை நிலங்களைக் காப்பாற்றுவதையே தொழிலாகக் கொண்டிருந்தார். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பாதுகாப்பு நிலத்துக்கே அவர் பெயர்.

ஆற்றில் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து நாற்றம் தாங்காமல் போனபோது, 1969-ஆம் வருஷம் நவம்பர் மாதம் மாணவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டான் நதி இறந்துவிட்டது என்று அறிவித்து, கறுப்பு உடை அணிந்து, சவப்பெட்டியோடு ஊர்வலமாக ஆற்றங்கரைக்குப் போய்த் துக்கம் கொண்டாடினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். இப்போது அந்த ஆற்றில் மீன் ஏறுகிறது. பழைய நாளில் முகத்துவாரத்தைச் செங்கோணமாக வளைத்துக் கால்வாய் ஆக்கி வைத்திருந்தார்கள். அதைத் திருத்தி, ஆறு தன் இஷ்டம் போல் வளைந்து போகப் புது முகத்துவாரம் வெட்டினார்கள். அதன் கரையில் 2025 ஜூலையில் ஒரு பெரிய பூங்காவையும் திறந்தார்கள். ஈமக்கடன் முடிந்தவருக்குக் கிருஹப்பிரவேசம் நடந்த அதிசயம் வேறு எங்கேயாவது உண்டா?

மோட்டார் ரஸ்தாவை ஆறு மறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2024 ஜூலை 16-ல் மூன்று, நாலு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 100 மில்லி மீட்டர் மழை கொட்டியது. டான் நதி ரஸ்தாவில் ஏறி நின்றது. கார்கள் மிதந்தன. "இது என் இடம்" என்று ஆறு ஒரு தடவை ஞாபகப்படுத்திவிட்டுப் போயிற்று. ஆகையால் உங்களுக்கும் ஒரு வார்த்தை: பலமாக மழை பெய்கிற அன்றும், பெய்து ஓய்ந்த மறுநாளும் பள்ளத்தாக்கில் இறங்காதீர்கள்.

ஸ்கார்பரோவில் இருக்கப் போகிற உங்களுக்கு மிகவும் அருகில் இருப்பது ரூஜ் நதி. அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

1970-களில் அந்த நதிப் பக்கத்துக்குப் பல ஆபத்துகள் வந்தன. 1972-ல் பிக்கரிங் என்னும் இடத்தில் பெரிய விமான நிலையம் கட்டுவதற்காக மத்திய சர்க்கார் 18,000 ஏக்கருக்கும் மேல் நிலத்தை எடுத்துக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. "மக்களா, விமானங்களா?" என்று கேட்டு ஊர் ஜனங்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். 1975-ல் விமான நிலைய வேலை நின்றது. ஆனால் நிலம் திரும்பவில்லை. "என்றைக்காவது கட்டுவோம்" என்ற பேச்சும் ஓயவில்லை. அதே 1975-ல் ரூஜ் பள்ளத்தாக்கைக் காப்பாற்ற இன்னொரு சங்கம் தோன்றியது. மனு எழுதுவது, கூட்டம் போடுவது, மறுபடி மனு எழுதுவது என்று நாற்பது வருஷம்! கடைசியில் 2015-ல் பார்லிமெண்டில் சட்டம் செய்து, ரூஜ் பள்ளத்தாக்கை நகரத் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். கனடாவில் இந்த வகையில் அதுதான் முதலாவது. இன்று அதன் பரப்பு சுமார் 79 சதுர கிலோ மீட்டர். காடும், சதுப்பு நிலமும், ஏரிக் கரையும், பயிர் நிலங்களும் அதற்குள் இருக்கின்றன.

விமான நிலையம் என்ன ஆயிற்று? 2025 ஜனவரியில், "பிக்கரிங்கில் விமான நிலையம் கட்டப் போவதில்லை" என்று போக்குவரத்து மந்திரி அறிவித்தார். அந்த மந்திரியின் பெயர் அனிதா ஆனந்த். தமிழ்த் தகப்பனாருக்கும் பஞ்சாபித் தாயாருக்கும் பிறந்த பெண்மணி! ஐம்பது வருஷத்துக்கு மேல் நீடித்த பேச்சு அவர் வாயால் முடிந்தது. பெண்கள் "கூடாது" என்று சொன்னால் அதற்கு ஒரு தனி பலம் உண்டு என்பது வீட்டிலுள்ள புருஷர்களுக்குத் தெரியும்.

மிருகக்காட்சி சாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி இறங்கினால் ரூஜ் பூங்காவின் பாதைகள் பக்கத்திலேயே தொடங்குகின்றன. "விஸ்டா" என்று ஒரு பாதை. மேட்டின் மேலே போகும். நடுவே மர மேடை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே தெரியும். அக்டோபர் முதல் இரண்டு வாரத்தில் அந்த மேடையில் நிற்க வேண்டும். இலைகளிலுள்ள பச்சை மறைந்ததும் இத்தனை நாள் அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. மேப்பிள் மரங்களோ போகிற போக்கில் சிவப்பைப் புதிதாகத் தயாரிக்கின்றன. காஞ்சிபுரத்துக் கடையில் அரக்கும் மஞ்சளும் குங்குமச் சிவப்புமாகப் புடவைகளைப் பிரித்துப் போட்டது மாதிரி இருக்கும். விலை கேட்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"மாஸ்ட்" என்று இன்னொரு பாதை. இரண்டரை கிலோ மீட்டர் அளவு. மாஸ்ட் என்றால் பாய்மரம். இருநூறு வருஷங்களுக்கு முன்னால் இங்கே வானளாவ நின்ற பைன் மரங்களைக் கப்பல்களின் பாய்மரத்துக்காக வெட்டி இழுத்துச் சென்ற வழி அது. அதற்கும் முன்னால், அந்தப் பூமியின் ஆதிக்குடிகள் ஒன்டாரியோ ஏரியிலிருந்து வடக்கே சிம்கோ ஏரிக்கு, தோணியைத் தோளில் தூக்கிக் கொண்டு நடந்து போன ஒற்றையடிப் பாதைகள் ஹம்பர் ஓரமாக ஒன்றும் ரூஜ் ஓரமாக ஒன்றுமாக இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் செனெக்கா ஜாதியார் இரண்டு ஆற்றின் கரையிலும் ஊர் கட்டி வாழ்ந்தார்கள். ஆகவே டொராண்டோ நகரத்தைக் காட்டிலும் அங்கே நடக்கும் வழக்கம் வயதில் மூத்தது.

நீங்கள் போகிற புரட்டாசியில் ஒரு வேடிக்கையும் பார்க்கலாம். ஏரியில் வளர்ந்த ஸால்மன் மீன்கள் செப்டம்பர், அக்டோபரில் ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். ஹம்பர் நதியில் "ஓல்டு மில்" என்னுமிடத்துக்கு அருகில் சிறு தடுப்பணைகள் உண்டு. முழங்கை நீள மீன் தண்ணீரிலிருந்து கிளம்பித் தடுப்பைத் தாண்டக் குதிக்கும், விழும், மறுபடி குதிக்கும். கரையில் நிற்கிற கிழவர்களும் குழந்தைகளும் கை தட்டுவார்கள். எதற்காக இந்தப் பாடு? தான் பிறந்த ஓடையைத் தேடிப் போய் முட்டையிடுவதற்காக! மீன்கூடப் பிரசவத்துக்குப் பிறந்தகம் போகிறது. உங்கள் பெண் போக முடியாததால் பிறந்தகம் விமானம் ஏறி அவளிடம் வருகிறது. அவ்வளவுதான்.

இளவேனிலில், மே மாதத்தில் நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால் டிரில்லியம் பூவைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். 1937 முதல் ஒன்டாரியோ மாகாணத்தின் அடையாளப் பூ. மரங்கள் இலை விடுவதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நாள் வெயிலில் காடு முழுவதும் பூத்துக் கிடக்கும். தலையில் வைத்துக் கொள்ளக் கை பரபரக்கும், பறித்துவிடாதீர்கள். விதை முளைத்து முதல் பூ பூக்க ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூவோடு இலையும் போனால் செடி அநேகமாக எழுந்திருக்காது.

இனி நடைமுறைக் காரியங்கள்.

உடை: தார் போட்ட ஆற்றோரப் பாதையில் புடவையில் தாராளமாக நடக்கலாம். காட்டுப் பாதையில் வேண்டாம். சல்வாரோ கால்சட்டையோ போட்டுக் கொண்டு, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக் கொள்ளுங்கள். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும். காரணம், அங்கே புல்லிலும் புதரிலும் ஒரு வகை உண்ணி இருக்கிறது. நம் ஊர் மாட்டு உண்ணியை விடச் சிறியது, எள்ளளவு. "லைம்" என்னும் வியாதியைப் பரப்பக்கூடியது. வெளிர் நிற உடையானால் ஏறினதும் தெரியும். வீடு திரும்பியதும் குளித்து, முழங்காலின் பின்புறம், கக்கம், இடுப்பு, தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெய் ஊற்றுவது, நெருப்பால் சுடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

செடி: பாதையோரத்தில் மூன்று மூன்று இலையாக, சில சமயம் பளபளவென்று ஒரு கொடி இருக்கும். "பாய்சன் ஐவி" என்பார்கள். தொட்டால் தோல் தடித்துக் கொப்புளம் கிளம்பும். அது நம் சேராங்கொட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. மாவும் முந்திரியும் அந்தக் குடும்பம்தான். சேராங்கொட்டைப் பால் பட்டவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. பாதையை விட்டு இறங்காமல் நடந்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

நேரம்: நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். டிசம்பரில் மாலை நாலே முக்கால் மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகையால் காலையில் நடப்பதே நல்லது. பனி உறைந்து வழுக்குகிற நாளில் பள்ளத்தில் இறங்க வேண்டாம். தெருவிலே நடந்தால் போதும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். முதல் தடவை மாப்பிள்ளையோடு போய் வழி பழகிக் கொள்ளுங்கள்.

சாப்பாடு: புளியோதரையும் பிளாஸ்கில் காப்பியும் தாராளமாகக் கொண்டு போகலாம். மிச்சத்தை அணிலுக்கும் வாத்துக்கும் போட்டுப் புண்ணியம் தேடாதீர்கள். கேட்டுப் பழகிய மிருகம் காட்டுக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது. இலையோ காகிதமோ பொட்டலம் கட்டித் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

துணை: தனியாக எப்படி என்று தயங்க வேண்டாம். எதிரே வருகிறவர்கள் தலையசைத்து ஒரு வார்த்தை சொல்லுவார்கள். நீங்களும் சொல்லலாம். இரண்டாவது வாரத்தில், "அன்ரி, நீங்கள் இந்தியாவோ? தனியவோ நடக்கிறீங்கள்? வாங்கோ, சேர்ந்து போவம்" என்று ஒரு குரல் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து அந்த வட்டாரத்தையே தங்கள் ஊராக்கிக் கொண்டவர்கள் பல்லாயிரம் பேர். ஊரை இழந்தவர்களுக்கு ஓர் ஆற்றங்கரை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர்களோடு நடந்தால் தெரிந்து கொள்வீர்கள்.

பெண்ணை மறந்துவிட்டோமே என்கிறீர்களா? இல்லை. அவளுக்காகத்தான் இவ்வளவும். முதல் நாற்பது நாள் அவள் படுத்திருக்கட்டும். பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வெயில் உள்ள நாளாகப் பார்த்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு மூன்று பேருமாகத் தார் போட்ட பாதையில் கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். காட்டுப் பாதைக்குத் தள்ளுவண்டி ஆகாது. அந்த ஊரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற பெரிய கஷ்டம் வலி அல்ல, தனிமை. நீங்கள் ஆறு மாதத்தில் திரும்பிவிடுவீர்கள். அவள் அங்கேயே இருக்க வேண்டியவள். லேகியம் தீர்ந்துவிடும்; முறுக்கும் தீர்ந்துவிடும். வீட்டுப் பக்கத்தில் போய் வர ஓர் ஆறு இருக்கிறது என்று அவளுக்குப் பழக்கி வைத்துவிட்டு வந்தால், அது தீராது. ஆனால் அவள் காரணமில்லாமல் அழுது கொண்டே இருந்தாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ, நடை போதாது; உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளைக்குக் காரும், லீவும், நல்ல மனமும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை "புரூஸ் டிரெயில்" என்னும் பாதையில் ஒரு துண்டு நடந்து பாருங்கள். நயாகராப் பக்கத்திலிருந்து பாறைச் சரிவின் மேலாகவே வடக்கே டோபர்மோரி வரையில் சுமார் 900 கிலோ மீட்டர் போகிற பாதை. ரேமண்ட் லோவ்ஸ் என்பவர் 1960-ல் யோசனை சொன்னார். தொண்டர்கள் வேலை செய்தார்கள். 1967-ல் முழுப் பாதையும் திறந்தது. மரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டியிருந்தால் பிரதான வழி; நீலம் என்றால் கிளை வழி; இரட்டைப் பட்டை என்றால் திருப்பம் வருகிறது என்று அர்த்தம். அந்தப் பாதையில் பல இடங்கள் தனியார் நிலம். "என் நிலத்தின் ஓரமாக நடந்து போங்கள்" என்று சொந்தக்காரர்கள் சம்மதித்ததனால் பாதை அறுபடாமல் போகிறது. எவனாவது ஒருவன் குப்பை போட்டு வைத்தால், அந்தச் சொந்தக்காரர் நாளைக்கே வேலியை மூடிவிடலாம்.

ஆற்றங்கரைப் பாதைகளும் அப்படிப்பட்ட சம்மதத்தில்தான் நிற்கின்றன. 81 பேரை வாரிக் கொடுத்த பிறகு ஓர் ஊர் ஒப்புக்கொண்ட சம்மதம் அது. ஹேஸல் புயலைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது குறைந்து போனார்கள். பார்க்காதவர்களுக்கு, காலியாகக் கிடக்கிற ஆற்றங்கரை நல்ல மனை மாதிரிதான் தோன்றும். அங்கே தினமும் நாலு பேர் நடந்து கொண்டிருந்தால், "இது காலி இடமல்ல" என்று சொல்ல ஆள் இருக்கும். அந்த நாலு பேரில் மாம்பலத்துச் சகோதரியும் ஒருவராக இருக்கட்டும். ஷூவை மட்டும் இங்கேயே பத்து நாள் போட்டுப் பழக்கிக் கொண்டு போங்கள், அம்மா. புது ஷூ கடிக்கும்.